தொட்டியில் பரவும் ஐப்டேசியா: கல்லை மாற்றுவதா, ஒவ்வொன்றாக ஒழிப்பதா?

வடசேரி மீன்தொட்டி:
என்னுடையது மூன்றடித் தொட்டி, 180 லிட்டர். காளான் பவளம், தோல் பவளம், பவளம்போல் கொத்தாக வளரும் ஜோவாந்திட், இரண்டு கோமாளி மீன்கள். ஆறு மாதத்துக்கு முன்பு வாங்கிய கல்லில் பழுப்பாக ஒரு கடல் சாமந்தி (பூப்போல் விரியும் கடல் உயிர்) ஒட்டியிருந்தது, சுண்டுவிரல் நகத்தளவுதான். பிறகுதான் அது தொட்டிகளில் களைபோல் பரவும் ஐப்டேசியா என்று தெரிந்து இடுக்கியால் கிள்ளி எடுத்தேன். இன்று எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கு மேல். பக்கத்தில் இருக்கும் ஜோவாந்திட்கள் ஒரு வாரமாக விரிவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல் முழுவதையும் முட்டம் கடலில் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

குளச்சல் கரைமடி:
கடலில் மட்டும் போடாதீர்கள், தம்பி. கடைத் தொட்டிகளில் எந்தெந்தக் கடலின் உயிர்களோ கலந்து கிடக்கின்றன. அந்தக் கல்லில் சாமந்தி மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? மன்னார் வளைகுடாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவருகே பவளங்கள் மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முட்டம் பாறைகளை நம்பிப் பிழைப்பவர்கள் எங்கள் ஆட்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தக்கலை உப்புநீர்:
கடலில் போடக் கூடாது, சரி. ஆனால் அந்தக் கல்லைத் தொட்டியில் வைத்திருப்பதும் வீண் வேலை. ஒரு வருடம் போராடியவன் நான். ஊசி போட்டேன், அதைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் விட்டேன், எலுமிச்சைச் சாறும் செலுத்தினேன். கண்ணுக்குத் தெரிந்தவை செத்தன. பொந்துக்குள் இருந்தவை மறுபடி வந்தன. கல்லை எடுத்து ஒரு பானையில் கொதிக்க வையுங்கள். ஒரே நாளில் வேலை முடியும்.

குளச்சல் கரைமடி:
கொதிக்க வைக்கவே கூடாது! அவர் தொட்டியில் ஜோவாந்திட் இருக்கிறது. அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும் ஆவியோடு அது கலந்து வந்தால் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போக நேரும். வெளிநாடுகளில் குடும்பம் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். கல்லைக் கழிக்கத்தான் வேண்டுமென்றால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து எடுத்து, பிள்ளைகள் போகாத இடத்தில் வெயிலில் வாரக்கணக்கில் காயவிடுங்கள்.

தக்கலை உப்புநீர்:
ஜோவாந்திட்டை நான் யோசிக்கவில்லை. கொதிக்க வைக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கல்லை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் விடமாட்டேன்.

மார்த்தாண்டம் பவளம்:
மாற்றுக் கல்லுக்கு எங்கே போவார், அண்ணாச்சி? கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடற்கரையில் பொறுக்கிவந்து போட முடியாது. செயற்கைக் கல் வாங்கினாலும், நன்மை செய்யும் பாக்டீரியா அதில் குடியேறுவதற்குள் அம்மோனியா ஏறி மீன்கள் தவித்துவிடும்.

கிள்ளியதுதான் தவறு. ஐப்டேசியாவின் பாதத்திலிருந்து கடுகளவு சதை கல்லில் ஒட்டியிருந்தாலே போதும், அது தனிச் சாமந்தியாக முளைக்கும். யாரும் தொடாவிட்டாலும் நகரும் வழியில் தன் பாதத்தைத் துணுக்குத் துணுக்காக விட்டுப் பெருகும் உயிர் அது.

நான் செய்வது இதுதான். நீற்றிய சுண்ணாம்புத் தூளை ஆர்.ஓ. தண்ணீரில் தயிர் பதத்துக்குக் குழைத்துச் சிரிஞ்சில் எடுப்பேன். முதலில் பம்புகளை நிறுத்திவிட வேண்டும். ஊசியைச் சட்டென்று கொண்டுபோனால் நிழல் பட்டதும் அது பொந்துக்குள் சுருங்கிவிடும். பக்கவாட்டில் மெல்லக் கொண்டுபோய் வாய் நடுவில் ஒரு துளி வைத்தால், இரை என்று நினைத்து உணர்விழைகளால் மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். பொந்து வாயையும் அதே குழைவால் அடைத்துவிடுவேன். பத்து நிமிடம் கழித்துத்தான் பம்பு. சுண்ணாம்பு பிஎச் அளவை ஏற்றும் என்பதால் அவர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்.

தக்கலை உப்புநீர்:
நாளைக்கு ஐந்து என்றால் நாற்பதை முடிப்பதற்குள் இன்னும் பத்து முளைத்திருக்கும். கணக்கு உதைக்கிறது.

மார்த்தாண்டம் பவளம்:
பெரியவற்றைச் சுண்ணாம்பு பார்த்துக்கொள்ளும். முளைவிடும் குஞ்சுகளுக்குப் பெர்கியா. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாத, ஓடில்லாத கடல் நத்தை அது, இரவில் இரை தேடும். தின்று தீர்த்ததும் பட்டினியில் செத்துவிடும் என்பதால், முடிந்தவுடன் தேவைப்படும் இன்னொருவர் தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். பெப்பர்மின்ட் இறாலை அதோடு சேர்த்து விடாதீர்கள், நத்தையையே தின்றுவிடும்.

வடசேரி மீன்தொட்டி:
கடலுக்குப் போகவில்லை, கல்லையும் எடுக்கவில்லை. முந்தாநாள் ஐந்து, நேற்று ஆறு முடித்தேன். பிஎச் 8.1இலிருந்து 8.3 வரை போய் இறங்கியது. மீனுக்குப் போடும் தீனியையும் பாதியாகக் குறைத்திருக்கிறேன். இன்று காலை ஜோவாந்திட் கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு மட்டும் விரிந்திருந்தன.

தக்கலை உப்புநீர்:
தீனியைக் குறைத்தது நல்லதுதான். ஆனால் ஐப்டேசியாவின் உடலுக்குள்ளேயே அதற்கு உணவு தரும் பாசி இருக்கிறது, வெளிச்சம் இருக்கும்வரை பட்டினி கிடக்காது. இரண்டு மாதம் கழித்துக் கல்லின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அப்போதும் என் கருத்து இதுவாகவே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.