தங்கவயல் போன்ற சிறு நகரத்தில் காவல்துறைக்குத் தலைவர் யார்? அந்தப் பொறுப்புக்கு என்ன தகுதி வேண்டும்?

கேள்வி: சாம்பியன்ரீஃப்வாசி (கிருஷ்ணராஜபுரம், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்க லைன் வீட்டில். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் பலரையும் போல நாங்களும் பெங்களூருக்குக் குடிவந்துவிட்டோம். தம்பி குடும்பம் மட்டும் ராபர்ட்சன்பேட்டையிலேயே இருக்கிறது. அவன் தினமும் காலை ரயிலில் வேலைக்கு வந்து இரவு ரயிலில் ஊர் திரும்புகிறான். அவன் மகள் பி.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது, “பெரியப்பா, நம்ம ஊர் போலீசுக்குத் தலைமை அதிகாரியா வரணும்னா நான் என்ன செய்யணும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊரில் எஸ்.பி. அலுவலகம் இருக்கிறது, டி.எஸ்.பி. இருக்கிறார், சர்க்கிள் இன்ஸ்பெக்டர் இருக்கிறார், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் எஸ்.ஐ. இருக்கிறார். இவர்களில் ஊருக்கான தலைவர் என்று யாரைச் சொல்வது? அவருடைய கடமைகள் எவை? அந்த இடத்துக்கு வர என்னென்ன வழிகள் உள்ளன? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் அவளுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.

பதில் 1: பழைய_ரைட்டர் (ஓய்வுபெற்ற ஏ.எஸ்.ஐ., பானஸ்வாடி)

கர்நாடகக் காவல்துறையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, பல ஆண்டுகள் ஸ்டேஷன் ரைட்டராக (பதிவேடுகளையும் புகார்களையும் எழுதுபவராக) இருந்து, ஏ.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். முதலில் உங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல். வருவாய்க் கணக்கில் தங்கவயல் கோலார் மாவட்டத்தின் ஒரு தாலுகாதான். ஆனால் காவல்துறைக் கணக்கில் அது தனி மாவட்டம், அதற்கென்று தனி எஸ்.பி. இருக்கிறார். சுரங்கக் காலம் விட்டுச் சென்ற ஏற்பாடு அது. இந்த அளவுள்ள வேறு ஊர்களில் பெரும்பாலும் டி.எஸ்.பி.யோடு நின்றுவிடும். ஆகவே உங்கள் தம்பி மகள் எஸ்.பி. ஆனால், ஏறத்தாழ ஓர் ஊருக்கே எஸ்.பி. ஆனதுபோலத்தான்.

ஆனாலும் ஊர் மக்களுக்குத் தலைவர் என்று கண்ணில் படுபவர் எஸ்.பி. அல்லர், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிதான். சிறிய ஸ்டேஷனில் அவர் எஸ்.ஐ.யாக இருப்பார், பெரிய ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டராக இருப்பார். காலையில் ரோல் கால் எடுத்து, யாருக்குக் கோர்ட் டியூட்டி, யாருக்குச் சம்மன் வாரண்ட், யாருக்குப் பந்தோபஸ்து, யார் எந்த பீட் (ரோந்துப் பகுதி) என்று பிரித்துக் கொடுப்பதில் அவருடைய நாள் தொடங்கும். பிறகு ஸ்டேஷன் டைரியைப் பார்ப்பார், லாக்கப்பில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணி நேரமாக இருக்கிறார்கள் என்று பார்ப்பார், கைப்பற்றிய பொருள்கள் அறையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நடுவில் மேய்ச்சல் நிலத் தகராறு, குடித்துவிட்டு அடிக்கும் கணவன், திருவிழா ஊர்வலத்துக்கு அனுமதி, அமைச்சர் வருகை என்று வந்துகொண்டே இருக்கும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் அந்த வேலை என்னவென்று அவளுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். ஒரு சிறு நகரத்தின் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் ஒரு முதியவர் இறந்து கிடந்தார், உறவினர் என்று யாரும் இல்லை. எங்கள் எஸ்.ஐ. வயதில் சிறியவர், வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. டீக்கடைக்காரரையும் வேறு இருவரையும் பஞ்சாயத்தாராக, அதாவது சாட்சிகளாக, நிறுத்தி, அவர்கள் முன்னால் முதியவரின் சட்டைப் பையிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார்: நாற்பத்து மூன்று ரூபாய், ஒரு பஸ் டிக்கெட், பாதிக் கட்டு பீடி. பீடி எத்தனை என்றுகூட எண்ணி மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பதிவில்) எழுதச் சொன்னார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. மூன்று நாள் கழித்து மகன் தேடி வந்து, “அப்பாவிடம் எவ்வளவு பணம் இருந்தது?” என்று சந்தேகத்தோடு கேட்டபோது அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினோம். அவர் அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பதில் 2: அல்சூர்_வக்கீல்

மேலே பெரியவர் சொன்னதோடு சட்டம் சொல்லும் கடமைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. கைது செய்ய வாரண்ட் தேவைப்படாத குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யவேண்டும் என்பது 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு, எஃப்.ஐ.ஆருக்கு முன் பதினான்கு நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. கைதானவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யவேண்டும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணரைச் சம்பவ இடத்துக்கு வரவழைக்கவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதை மாநிலங்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் படிப்படியாக நடைமுறைப்படுத்தலாம்.

சிறு நகரங்களில் அதிகம் தடுக்கி விழும் இடம் எல்லைப் பிரச்சினை. என் கட்சிக்காரர் ஒருவருக்கு ஓடும் ரயிலில் பை திருடு போனது. இறங்கிய ஊரின் ஸ்டேஷனில் “இது ரயில்வே போலீஸ் கேஸ்” என்றார்கள், ரயில்வே போலீசிலோ “எந்த ஊர் தாண்டும்போது போனது?” என்று கேட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யவேண்டும் என்று இப்போது சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். பொறுப்பு அதிகாரி மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதிலும் பயனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். எனவே, தலைவர் யார் என்ற கேள்விக்கு என் பதில் இது: வழக்கு பிறக்கும் இடத்தில் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி, அவர் தவறும்போது எஸ்.பி.

பெங்களூரில் இருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறோம். நம் நகரில் 1963 முதல் கமிஷனர் முறை நடைமுறையில் இருப்பதால் தடை உத்தரவைக் கமிஷனரே பிறப்பிக்க முடியும். தங்கவயல் எஸ்.பி.க்கு அந்த அதிகாரம் கிடையாது. அவர் மாவட்ட துணை ஆணையரிடமோ (தமிழ்நாட்டில் கலெக்டர் என்பார்கள்) தாசில்தாரிடமோ கேட்டுத்தான் பெறவேண்டும். ஆகவே வருவாய்த்துறையோடு ஒத்துப்போகத் தெரிவதும் அந்த வேலையின் பெரும்பகுதி. அது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது.

பதில் 3: எஸ்ஐ_தேர்வர்

நான் எஸ்.ஐ. தேர்வு எழுதியவன் என்பதால் தகுதி பற்றி மட்டும் எழுதுகிறேன். வழிகள் மூன்று. முதலாவது, மாநில எஸ்.ஐ. தேர்வு. பட்டப்படிப்பு போதும், எந்தப் பாடமானாலும் சரி. ஓட்டம், தாண்டுதல், குண்டு எறிதல் ஆகிய உடல்தகுதித் தேர்வுகளில் தேறியவர்களுக்கே எழுத்துத் தேர்வு. முதல் தாளில் கட்டுரை, சுருக்கி எழுதுதல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு 50 மதிப்பெண்; இரண்டாம் தாளில் பொது அறிவுக்கு 150 மதிப்பெண். இரண்டாவது வழி, கர்நாடக அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு மூலம் நேரடியாக டி.எஸ்.பி. ஆவது. மூன்றாவது, யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.பி.எஸ். ஆகி, ஹைதராபாத்தில் பயிற்சி பெற்று ஏ.எஸ்.பி.யாக (உதவி எஸ்.பி.யாக) தொடங்குவது. மாநில அதிகாரிகள் பதவி உயர்வால் ஐ.பி.எஸ். ஆவதும் உண்டு, ஆனால் அதற்கு வெகுகாலம் ஆகும்.

காலக்கெடுவை மட்டும் நம்பாதீர்கள். 545 எஸ்.ஐ. பணியிடங்களுக்கு 2021 அக்டோபரில் நடந்த தேர்வு முறைகேட்டால் ரத்தாகி, மறுதேர்வு 2024 ஜனவரியில்தான் நடந்தது. என்னோடு படித்தவர்களில் சிலருக்கு அதற்குள் திருமணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள்.

பதில் 4: சிவாஜிநகர்_சகோதரி

கேள்வி கேட்டவரின் தம்பி மகள் “தலைமை அதிகாரி” என்ற சொல்லை ஆங்கிலத் தொடர்களில் பார்த்திருப்பாளோ என்று தோன்றுகிறது. என் அக்கா இருக்கும் அமெரிக்கச் சிற்றூரில் உண்மையிலேயே ஊருக்கு ஒரு போலீஸ் தலைவர் இருக்கிறார். அவரை நியமிப்பது மாநில அரசு அன்று, ஊர் நிர்வாகம். அந்த நாட்டில் இப்படித் தனித்தனிக் காவல் அமைப்புகள் ஏறத்தாழ 18,000 உள்ளன. உள்ளூர்க் காவல்துறைகளில் கிட்டத்தட்டப் பாதியில் பத்துப் பேர்கூட முழுநேரக் காவலர்கள் கிடையாது. ஆகவே தலைவரே ரோந்தும் போவார், ஆண்டு பட்ஜெட்டும் போடுவார், ஊர் மன்றக் கூட்டத்தில் நின்று பதிலும் சொல்வார். நம் நாட்டில் காவல்துறை அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் பொறுப்பில், இருப்பதால் நகராட்சித் தலைவர் இன்ஸ்பெக்டரைக் கேள்வி கேட்க முடியாது. இது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். எங்கள் தெருவில் குப்பைக்கே பதில் சொல்ல ஆளில்லாதபோது போலீசையும் அவர்களிடம் கொடுக்கவேண்டுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி கேட்டவர்: சாம்பியன்ரீஃப்வாசி

அனைவருக்கும் நன்றி. தம்பி மகளுக்கு முழுவதையும் தொலைபேசியிலேயே படித்துக் காட்டினேன். பீடியை எண்ணிய எஸ்.ஐ.யைப் பற்றி மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னாள். எஸ்.ஐ. தேர்விலிருந்தே தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறாள். அவளுடைய தயக்கம் ஒன்றுதான். வீட்டிலும் தெருவிலும் தமிழ், படித்தது ஆங்கில வழி. கன்னடம் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுதும்போது தடுமாறுகிறாள். மொழிபெயர்ப்பு என்று தேர்வர் குறிப்பிட்டதைக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது.

பதில் 5: பழைய_ரைட்டர்

நானும் தமிழ் வீட்டுப் பிள்ளைதான். சேர்ந்த புதிதில் என் கன்னடத்தைப் பார்த்து ஸ்டேஷனே சிரித்தது. அப்போதிருந்த ரைட்டர் பழைய புகார் மனுக்களின் கட்டு ஒன்றை என் மேசையில் போட்டு, தினம் இரண்டை அப்படியே பார்த்து எழுதச் சொன்னார். ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது. மக்கள் எப்படிப் புகார் சொல்வார்கள், எதை மறைப்பார்கள் என்பதும் அதோடு சேர்ந்து பழகிவிட்டது. அவளுக்குப் புகார் மனு கிடைக்காது, ஆனால் கன்னட நாளிதழ் கிடைக்கும். தினமும் குற்றச் செய்தி ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி, மறுநாள் பத்திரிகையைப் பார்க்காமல் அதைத் திரும்பக் கன்னடத்தில் எழுதச் சொல்லுங்கள். ஓரிரண்டை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன், இப்போது எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை.