கன்ஹேரி மேலிருந்து தெரிகிற ஏரி: பார்த்தவர்கள் எழுதுங்கள்

மலாட்காரன்:
மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில், கன்ஹேரியின் பௌத்தக் குகைகளைத் தாண்டி இன்னும் மேலே ஏறினால் மரங்களுக்கு நடுவே தண்ணீர் தெரியுமே, அதேதான். போன ஆடியில் போனோம். மச்சான் பவாய் ஏரி என்றான், நான் விஹார் ஏரி என்றேன். போனை எடுத்தால் சிக்னல் இல்லை. வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மா, காட்டுக்குள்ளேயே பாடாவில், அதாவது ஆதிவாசிக் குடியிருப்பில் இருப்பவர், கையிலிருந்த கத்தியை அந்தப் பக்கம் நீட்டி "துள்சி" என்றார். காயில் மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டே மராத்தியில், "பம்பாய் குடிக்கிற தண்ணி. எங்க பாடாவுக்குக் குழாய் கிடையாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அந்த வெள்ளரிக்காய் இறங்கவில்லை.

செம்பூர் அத்தை:
துளசிச் செடி நிறைய இருந்திருக்கும், அதனால்தான் ஏரிக்கு அந்தப் பெயர். விஹார், புத்த விகாரையிலிருந்து வந்த பெயர். பக்கத்திலேயே கன்ஹேரி இருக்கிறதே!

முலுண்ட் வாசி:
அத்தை, அங்கே விஹார் என்று ஓர் ஊரே இருந்தது. வெள்ளைக்காரன் எழுத்தில் வேஹார். ஏரிக்குப் பெயர் கொடுத்தது அந்த ஊர்தான். ஊருக்கு யார் கொடுத்தார்கள் என்பது வேறு வழக்கு. இவை எதுவும் இயற்கை ஏரியும் இல்லை. மித்தி ஆற்றை மறித்து 1860-ல் விஹார், தாஸோ ஆற்றை மறித்து 1879-ல் துளசி. வடக்கிலிருந்து துளசி, விஹார், பவாய் என்று வரிசை. துளசியின் நிரம்பு மட்டம் 139.17 மீட்டர் உயரத்தில், விஹாருடையது 80.12-ல். மேலே மிஞ்சுவது கீழே விஹாருக்கு வரும். கன்ஹேரிக்குக் கிட்டத்தில் இருப்பது துளசி, அந்த அம்மா சொன்னது சரி. பவாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாது, மச்சானிடம் சொல்லுங்கள்.

தாராவி 90 அடி ரோடு:
நீங்கள் எல்லாம் மேலிருந்து பார்த்தவர்கள். விஹார் வழிந்தால் மித்தியில் இறங்கி எங்கள் பக்கமாகத்தான் மாஹிம் கழிமுகத்துக்குப் போகும். 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நாள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அப்பா இட்லிக் குண்டானைப் பரணில் ஏற்றிவிட்டு, "எந்தக் குளம்டா ஒடஞ்சுது?" என்று கேட்டார். திருநெல்வேலிக்காரருக்கு வெள்ளம் என்றால் குளம் உடைந்திருக்க வேண்டும். எதுவும் உடையவில்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. விஹார் என்ற பெயரையே அன்றைக்கு ராத்திரிதான் முதலில் கேட்டேன்.

செம்பூர் அத்தை:
சரி, ஊர்ப் பெயராகவே இருக்கட்டும். ஆனால் அந்த ஊருக்கு ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று முலுண்ட் சொல்லவில்லை, கவனித்தீர்களா? என்னிடமிருந்து அங்கே குரங்கு தயிர்சாதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான் என் அனுபவம். போகிறவர்கள் திங்கட்கிழமை போகாதீர்கள், பூங்காவும் குகையும் மூடியிருக்கும். பிளாஸ்டிக் பை கையில் தெரியவே கூடாது. மழையில் பாறை வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். சிறுத்தை நடமாடுகிற காடு, பொழுது சாயும் முன் வெளியே வந்துவிடுங்கள், குழந்தைகளை முன்னால் ஓட விடாதீர்கள். ஏரிக்கரைக்கு இறங்கப் பார்க்காதீர்கள், அனுமதி கிடையாது, விஹாரில் முதலையும் உண்டு. வெள்ளரிக்காய் வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.