80 கிலோ மோட்டாருக்கு கிணத்துக் கட்டை வளையுது, ஏன்?

கேள்வி (குடியாத்தம்): திறந்த கிணறு, ஆழம் 12 மீட்டர். குறுக்கே போட்ட சவுக்குக் கட்டையில ஒரு கப்பி மாட்டி, கிணத்துக்குள்ள இருக்கிற மோட்டாரை கரையில நின்னு சாய்வா மேலே இழுக்கிறோம். இதே கட்டையில ரெண்டு பேர், சுமார் 130 கிலோ, ஏறி நின்னா அசையல. 80 கிலோ மோட்டாருக்கு வளையுது. கணக்கு எங்க இடிக்குது அண்ணே?

பதில்: கட்டை மோட்டாரை மட்டும் சுமக்கல தம்பி, நீங்க இழுக்கிற பலத்தையும் சேர்த்து சுமக்குது. கப்பிக்கு ரெண்டு பக்கமும் கயித்தில ஒரே இழுவிசை, 80 கிலோ எடை அளவு. 45 டிகிரி சாய்வுன்னா உங்க பக்கத்து 80ல சுமார் 57 கீழ்நோக்கி. ஆக 137. இன்னொரு 57 பக்கவாட்டுல தள்ளும், அதுதான் கட்டையை உருட்டப் பார்க்கும். ரெண்டு முனையையும் முளை அடிச்சுக் கட்டுங்க.

இது சீரா இழுக்கும்போது. வெடுக்குனு இழுத்தா இன்னும் ஏறும்: வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வேகம் கூடினாலே இழுவிசை 20 சதவீதம் அதிகம். இறக்கும்போது சட்டுனு பிடிச்சாலும் அதே கதை.

கேள்வி: அப்போ அசையும் கப்பி, அதாவது பாரத்தோடயே மேலே ஏறுற கப்பி, போட்டா?

பதில்: அதுதான் சரி. கயித்து ஒரு முனையைக் கட்டையில கட்டுங்க. கயிறு கீழே போய், மோட்டார் தொங்குற கப்பியைச் சுத்தி மேலே வந்து, மேல் கப்பி வழியா உங்க கைக்கு வரணும். மோட்டாரை ரெண்டு கயிறு தாங்குது, அதனால ஒவ்வொண்ணுலயும் 40. கட்டை மேல, கட்டின முனையில 40, மேல் கப்பியில மோட்டார் பக்கம் 40, உங்க பக்கச் சாய்வுல 28, ஆக 108 தான். பேரிங் இல்லாத கப்பின்னா உரசலுக்கு கையில 50 வரை கேட்கும், கிரீஸ் வைங்க. ஆனா மோட்டார் 12 மீட்டர் ஏற, 24 மீட்டர் கயிறு இழுக்கணும். 30 மீட்டருக்குக் குறையாம வாங்குங்க.

இன்னொருத்தர் பதில்: ஒண்ணு விட்டுப்போச்சு. தண்ணியைத் திரும்ப இறங்க விடாம வால்வு பிடிச்சு, மோட்டாரோட வர்ற பைப்புல தண்ணி நின்னா, 2 இஞ்ச் பைப்புக்கு தண்ணிமட்டத்துக்கு மேல மீட்டருக்கு 2 கிலோ கூடும். முதல்ல வடிச்சிடுங்க. தண்ணிக்குள்ள மோட்டார் லேசா இருக்கும், வெளியே வர்ற நேரம் பாரம் ஏறும், அங்க கை தளரக்கூடாது. நிறுத்தி மூச்சு வாங்கணும்னா கயித்தை கரை மரத்துல ரெண்டு சுத்து சுத்துங்க, ஒரு ஆள் பிடிச்சாலே நிக்கும். மெயினை ஆஃப் பண்ணி ஃபியூஸைக் கழட்டி வைங்க. கேபிளைப் பிடிச்சு இழுக்காதீங்க. கிணத்துக்குள்ள ஆள் இருக்கக்கூடாது.