ஒரு வாஷ் காயும் நேரம்

கோத்தகிரியிலிருந்து

வீட்டு வேலைகளுக்கு நடுவே வரைய நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் வரைவது நீர்வண்ணம். வீட்டில் மாமியார், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். காலையில் பள்ளி வேன் வரும்வரை அடுப்படியை விட்டு நகர முடியாது.

என் பிறந்த ஊரான கரூரில், வெயில் காலத்தில் ஒரு வாஷ், அதாவது நீர்த்த நிறத்தைத் தாளில் பரவலாக ஒரு பூச்சு, போட்டு நிமிர்வதற்குள் அது காய்ந்துவிடும். இங்கே ஐப்பசி மழையில் சோறு வடித்து முடித்த பிறகும் தாள் ஈரமாகவே கிடக்கும். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். "துணியே காயாத ஊரில் காகிதம் எங்கே கண்ணு காயும்?" என்று அத்தை கேட்பார்.

அந்தத் தாமதத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பருப்பைக் குக்கரில் ஏற்றிவிட்டு வானத்துக்கான வாஷைப் போடுவேன். அது காயும்வரை காய் நறுக்கலாம், துணி மடிக்கலாம், பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கலாம். தாளைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பளபளப்பு மறையும் கட்டம்தான் ஆபத்தானது. மேலே காய்ந்ததுபோல் தோன்றும், உள்ளே ஈரம் இருக்கும். அப்போது நீர் மிகுந்த தூரிகையை வைத்தால் புது நீர் பழைய நிறத்தை ஒதுக்கித் தள்ளி, ஓரம் பிசிறடித்த கறையை விட்டுவிடும். அதனால் புறங்கையை மெல்ல வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு வேலையை முடித்துவிட்டு வரலாம். உள்ளங்கை கூடாது, சமையல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது.

ஹேர் டிரையரால் உலர்த்தலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அல்ட்ராமரின் நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் மெதுவாகத் தங்கித் தங்கிப் படிவதில்தான் அதன் அழகு இருக்கிறது. சூட்டுக் காற்று அதைக் கலைத்துவிடும். அந்த நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் வரும் சாம்பல் நிறம் போல மூடுபனிக்குப் பொருந்தும் நிறம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கோடநாடு காட்சிமுனையில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். கையில் பென்சிலும் நோட்டும் மட்டும் வைத்திருந்தார். மலையின் வெளிக்கோடு வரைந்து, அதன் உள்ளேயே 'சாம்பல் நீலம்', 'தேயிலை, மஞ்சள் கலந்த பச்சை' என்று பொடி எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். வண்ணம் எங்கே ஐயா என்று கேட்டேன். "வீட்டில் இருக்கிறதம்மா, ராத்திரி போட்டுக்கொள்வேன்" என்றார். ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் 1873 முதல் 1875 வரை இந்தியாவைச் சுற்றியபோது நீலகிரிக்கும் வந்தார் என்றும், நின்ற இடத்தில் பென்சில் கோட்டின் மேல் நிறங்களை எழுதிவைத்துப் பிறகு வண்ணம் தீட்டுவது அவர் வழக்கம் என்றும் சொன்னார். இப்போது பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் என் கையிலும் ஒரு பென்சில் இருக்கிறது.

வண்ணப்பெட்டியையும் தாளையும் ஜன்னல் மேடையிலிருந்து நான் எடுப்பதே இல்லை. எடுத்துப் பரப்பி, மறுபடி எடுத்துவைப்பதிலேயே கிடைத்த அரைமணி நேரம் போய்விடும்.

கொடைக்கானலிலிருந்து

கோத்தகிரிச் சகோதரி சொன்ன ஈரத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் விருந்தினருக்கு அறைகள் விடுகிறோம். ஏப்ரல், மே சீசனில் தூரிகையைத் தொடவே முடியாது. அந்த இடைவெளியில் கெடுவது தாள். நல்ல தடித்த பருத்தித் தாளாக இருந்தாலும் அதில் ஏற்றியிருக்கும் பசையைப் பூஞ்சை தின்றுவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வாஷ் போட்டதும் அந்த இடங்கள் மட்டும் நிறத்தை உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். தாளைக் கால் அளவாக வெட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வையுங்கள்.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது சரிவில் உட்கார்ந்து வரைந்தேன். தனிப்பூ ஒரு நிறம், சரிவு முழுதும் சேர்ந்து பார்த்தால் வேறு நிறம். மேகம் மூடியதும் ஊதா வடிந்து நீலமாகிவிடும். அடுத்த பூப்பு 2030-இல். அதற்குள் அந்த ஊதா என் கைக்குப் பழக வேண்டும் என்பதற்காகவே, விருந்தினர் இல்லாத நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கலந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

குன்னூரிலிருந்து

எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பல நிறங்களைக் கலந்து உட்கார வாய்ப்பே இல்லை. இங்கே ஒரு விற்பனையில் நீலகிரிப் பழங்குடியினரான ஆலு குறும்பர் ஓவியர் ஒருவர் வேங்கை மரப் பிசினைக் கரைத்துக் காட்டினார். நீர்க்கக் கரைத்தால் ஒரு பழுப்பு, கெட்டியாக எடுத்தால் இன்னொரு பழுப்பு. ஒரே பிசினில் தேன் எடுப்பவர்களையும் மரங்களையும் முழுதாக வரைந்திருந்தார். நானும் செபியா என்ற கரும்பழுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு தூரிகை, ஒரு குவளைத் தண்ணீர். குழந்தை அழுதால் போட்டது போட்டபடி எழுந்து போகலாம். திரும்பி வந்தால் கலந்த நிறம் மறந்துபோகும் கவலை இல்லை.

கோத்தகிரி அக்கா, உங்கள் பிள்ளைகள் தாளைக் கேட்டால் நல்ல தாளையே கொடுக்கிறீர்களா? என் பெரியவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.