பரிணாமம் பொய்யென்றால் நான் மறுபடி கும்பிட வேண்டுமா?

இரவுப்படிப்பு கேட்கிறார்:

கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவை எடுத்ததால் உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

விடுதியில் என் அறைத்தோழன் பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. காலையில் பிரார்த்தனை செய்யாமல் காப்பிகூடக் குடிக்க மாட்டான். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாளும் கஞ்சி வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். வம்புக்குப் பேசுகிறவன் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு காணொளியைக் காட்டினான். குரங்கு மனிதனானதை யார் கண்டார்கள், கண்ணைப் போன்ற நுட்பமான உறுப்பு தானாக வருமா என்று அதில் ஒருவர் அடுக்கிக்கொண்டே போனார். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. முடிந்ததும் அவன் அமைதியாகக் கேட்டான்: "பரிணாமம் விழுந்தால் உன் நாத்திகமும் விழுந்ததுதானே?" ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, தங்கைக்கு ஒன்பது. ஐப்பசி மழையில் அவளுக்கு டெங்கு வந்தது. தட்டணுக்கள் 18,000 வரை இறங்கிவிட்டன என்றார்கள். அம்மா மருத்துவமனை வாசலிலிருந்த பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டார். அப்பா நாகூருக்கு நேர்ந்துகொண்டார். பக்கத்துக் கட்டிலில் தன் மகனோடு இருந்த ஒரு அம்மாள் எங்களுக்காக முழங்காலிட்டு ஜெபித்தார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் தங்கை போய்விட்டாள். அதன்பிறகு எந்தச் சந்நிதியில் நின்றாலும் கை கூப்ப வரவில்லை. இதை என் நண்பனிடம் சொன்னதில்லை. யாராவது கேட்டால் "அறிவியல், பரிணாமம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

நாளைக்கே பரிணாமக் கொள்கை தவறு என்று நிரூபணமானால், நாணயமுள்ளவன் என்ற முறையில் நான் மறுபடி நம்பத்தான் வேண்டுமா?

---

ஒட்டுண்ணிக்கூடம் எழுதுகிறார்:

தம்பி, உங்கள் தங்கையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பத்தியிலேயே இருக்கிறது. நீங்கள் நம்பிக்கையை இழந்த அன்று உங்களுக்கு டார்வின் யாரென்று தெரியாது. பிறகு வெளியாருக்குச் சொல்வதற்காக அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டீர்கள். உங்கள் நண்பர் அசைத்துப் பார்ப்பது அந்தத் துணையை. வீட்டின் தூண் வேறு இடத்தில் நிற்கிறது.

நான் தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு ஒட்டுண்ணி வளர்க்கும் கூடம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெத்திலிட் என்று சொல்வோம். எறும்பளவே உள்ள கறுப்புக் குளவி. தட்டுகளில் கம்புத் தானியத்தைக் கொட்டி நெல் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் புழுவைக் குளவிக்குக் கொடுப்போம். அது புழுவைக் கொட்டும். புழு சாகாது, அசைய முடியாமல் கிடக்கும். அதன் உடம்பின் மேல் குளவி வரிசையாக முட்டையிட்டுவிட்டுப் பக்கத்திலேயே காவல் இருக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் உயிரோடு கிடக்கும் அந்தப் புழுவை உறிஞ்சி வளரும். உங்கள் நண்பரின் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், ஓலை காய்ந்த காலத்தில் இந்தக் குளவியை வாங்கித் தோப்பில் விட்டிருக்கக்கூடும். உழவருக்கு இது வரம். அந்தப் புழுவின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு என்றைக்கும் நெஞ்சு அடைக்கும்.

இதைப் பார்த்து டார்வினுக்கும் அடைத்தது. 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலைத் தின்று வளரும்படி இந்த வகைக் குளவிகளை அன்பும் எல்லாம் வல்ல தன்மையும் உள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் ஏற்க முடியவில்லை என்கிறார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1851இல், அவருடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்துபோயிருந்தாள். அவர் மனத்தை அரித்த கேள்வி உங்கள் கேள்விதான். அந்தக் கேள்வி எழுவதற்கு மனிதன் எதிலிருந்து வந்தான் என்ற ஆராய்ச்சி தேவைப்படவில்லை. கடிதத்தைப் பெற்ற ஆசா கிரே கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியதில் முதல்வரும் அவரே. ஒருவர் பக்தராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியும் என்பதில் ஐயமே இல்லை என்று 1879இல் டார்வினே எழுதினார். கடவுளை மறுப்பவனாகத் தான் ஒருபோதும் இருந்ததில்லை என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார்.

காலக்கணக்கையும் பாருங்கள். டார்வினின் நூல் 1859இல் வந்தது. பிரான்சில் ஜான் மெலியே என்ற கிராமப் பாதிரியார் நாற்பது ஆண்டுகள் பூசை நடத்திவிட்டு 1729இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படியில் கடவுள் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. தத்துவஞானி ஹோல்பாக் 1770இல் தன் சொந்த நூலில் அதே கருத்தை அச்சிலேற்றினார். 1811இல் கவிஞர் ஷெல்லி நாத்திகத் துண்டறிக்கை ஒன்றுக்காக ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். இவர்கள் எல்லாரும் எதன்மேல் நின்றார்கள்?

நாளைக்குப் பரிணாமம் விழுந்தால், உயிர்வகைகள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு நீங்கள் "தெரியாது" என்று சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான். மாமரத்திலிருந்து காயைப் பறித்தது அணில் இல்லை என்று தெரிந்துவிட்டால், பறித்தது அடுத்த வீட்டுக்காரர் என்று ஆகிவிடாது.

---

பாளையங்கோட்டை ஆசிரியர் எழுதுகிறார்:

நான் கத்தோலிக்கன். மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். காலைத் திருப்பலிக்குப் போய்விட்டு வந்து பத்து மணிக்குப் பரிணாமப் பாடம் எடுத்த நாள்கள் எத்தனையோ உண்டு. இரண்டுக்கும் நடுவே நான் பொய் சொன்னதில்லை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம வழியில் ஆராயத் தடையில்லை என்றார். ஆன்மா இறைவன் நேரடியாகத் தருவது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமத்தை வெறும் கருதுகோள் என்ற நிலைக்கு மேலானது என்று சொன்னார். மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் துறவி.

ஆனால் மேலே எழுதிய அம்மையார் ஒன்றைச் சற்று எளிதாகக் கடந்துவிட்டார். 1802இல் ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி, புல்வெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருப்பான் என்று நினைக்கமாட்டோமா, அப்படியானால் கண்ணை என்ன சொல்வது என்று கேட்டார். அன்று அது வலுவான கேள்வி. அவருக்கு முன்பே தத்துவஞானி ஹியூம் அந்த வாதத்தில் ஓட்டைகளைக் காட்டியிருந்தார் என்றாலும், கண் வேறு எப்படித்தான் வந்தது என்று சொல்ல அவரிடமும் எதுவும் இல்லை. டார்வின்தான் அதைக் கொடுத்தார். எனவே பரிணாமம் இல்லாத காலத்து நாத்திகர் பெரிய இடைவெளி ஒன்றைச் சுமந்துகொண்டுதான் நின்றார். "அவ்வளவுதான்" என்று சொல்லுமளவுக்கு அது சிறியதன்று.

தம்பி, உங்கள் தங்கையின் மரணத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் இருப்பதாகச் சொல்லி யாராவது வந்தால் நம்பாதீர்கள், அவர் என் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும். அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாளை மட்டும் நான் நினைத்துக்கொள்கிறேன். தன் பிள்ளையும் கட்டிலில் கிடந்தபோது உங்களுக்காக முழங்காலிட்டவர்.

---

ஏடுபடிப்பவர் எழுதுகிறார்:

தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் கொள்கையைச் சொல்லும் இடத்தில், நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி ஒருவர் பேசுகிறார். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரியும்போது பறையின் ஓசை அடங்குவதுபோல அது அடங்கிவிடும் என்கிறார். இந்தப் பிறப்பும் இதன் இன்பதுன்பமும் இங்கேயே முடிகின்றன, மறுமை என்று சொல்வது பொய் என்றும் சொல்லிவிடுகிறார். பானையில் கள் பொங்குவதைப் பார்த்த ஒருவருக்குக் கிடைத்த உவமை அது. உயிர்கள் மாறிவந்த வரலாறு அவருக்குத் தேவைப்படவில்லை. சமணர்களோ ஆன்மாவும் மறுபிறப்பும் உண்டென்று சொல்லிக்கொண்டே உலகைப் படைத்த கடவுளை மறுத்தார்கள். மறுப்புக்குப் பாதை பல.

உங்கள் நண்பர் காட்டிய காணொளிக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியிடம் மணிமேகலை கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிந்தாய்? நாத்திகருக்கு எதிராக எழுந்த கேள்விதான், ஆனாலும் நான் அதைப் பெரிதும் மதிக்கிறேன். நாம் பிறந்ததை நாம் பார்க்கவில்லை. சாடையும் ஊராரின் பேச்சும் வைத்து அறிகிறோம். "குரங்கு மனிதனானதை யார் கண்டார்கள்" என்று கேட்பவரிடமும் இதையே கேட்கலாம். புதைபடிவமும் மரபணுவும் அந்தச் சாடைகள்தாம்.

---

கருஞ்சட்டை எழுதுகிறார்:

எல்லாரும் பரிணாமத்தை விட்டுக்கொடுத்துப் பேசுவதாக எனக்குப் படுகிறது. எங்கள் படிப்பு வட்டத்தில் முதல் பாடமே டார்வின்தான். அதைக் கேட்ட பிறகுதான் பத்துப் பேரில் எட்டுப் பேர் தெளிவடைந்தார்கள். அது அறிவியலால் நிலைநாட்டப்பட்ட உண்மை. "விழுந்தால்" என்று பேச்சுக்குக்கூட ஏன் சொல்ல வேண்டும்? பரிணாமத்தை ஏற்கும் இடத்தில் நாத்திகம் தானாக வரும்.

---

ஒட்டுண்ணிக்கூடம் எழுதுகிறார்:

ஐயா, பரிணாமம் உண்மை என்பதில் எனக்குக் கடுகளவும் ஐயமில்லை. பூச்சிகளோடு இருபத்தெட்டு ஆண்டு இருந்தவளுக்கு அது எப்படி வரும்? ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த வயலில் நாலைந்து வருடத்தில் அந்த மருந்துக்குச் சாகாத புழு வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது தானாக நாத்திகத்தைக் கொண்டுவரும் என்றால், மேலே எழுதிய ஆசிரியர் எங்கே நிற்பார்? இருபதாம் நூற்றாண்டுப் பரிணாம அறிவியலைக் கட்டியவர்களில் ஒருவரான டாப்ஷான்ஸ்கியும் நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர்.

மறுபக்கத்தையும் பாருங்கள். நாத்திகத்தை அரசே பரப்பிய சோவியத் நாட்டில் 1948இல், அரசின் ஆதரவு பெற்ற வேளாண் ஆராய்ச்சியாளர் லைசென்கோவின் ஆட்கள் மெண்டலின் மரபியலைப் பாடத்திலிருந்தே விரட்டினார்கள். உலகெங்கும் அலைந்து விதைகளைச் சேர்த்த வாவிலோவ் அதற்கு முன்பே, 1943இல், சிறையில் இறந்துவிட்டார். கடவுளை மறுத்தவர்கள் எல்லாரும் உயிரியலைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் என்று அந்த நாட்டு விதை ஆராய்ச்சியாளர்களிடம் சொல்ல முடியுமா?

நம் ஊரிலும் பெரியார் மேடையில் கேட்ட முதல் கேள்வி குரங்கைப் பற்றியது இல்லை. இந்தக் கோயிலுக்குள் இவன் ஏன் போகக்கூடாது, இந்தப் பெண் ஏன் தாலியறுத்து மூலையில் உட்கார வேண்டும் என்பதுதான். அந்தக் கேள்விகளுக்குப் புதைபடிவச் சான்று வேண்டியதில்லை. நாத்திகத்தை ஒற்றை அறிவியல் கொள்கையில் கட்டிப்போட்டால், அந்தக் கொள்கையைப் பற்றி எவராவது காணொளி வெளியிடும்போதெல்லாம் இந்தத் தம்பியைப் போன்ற பிள்ளைகள் தூக்கம் கெட்டுக் கிடப்பார்கள். எனக்கு அதுதான் கவலை.

ஆசிரியர் ஐயாவுக்கு: நீங்கள் சொன்னது சரி, "அவ்வளவுதான்" என்று எழுதியது என் அவசரம். உண்மையைச் சொன்னால் அந்த இடைவெளி நிரம்பியது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. யாரும் அந்தக் குளவியை அப்படிச் செய்யவில்லை, புழுவை யாரும் தண்டிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் என்னால் தட்டைக் கை நடுங்காமல் எடுக்க முடிந்தது. நம்பிக்கை போனது அதற்கு வெகுநாள் முன்பு.

---

இரவுப்படிப்பு எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இவை அனைத்தையும் அவனுக்குப் படித்துக்காட்டினேன். என் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். தங்கையைப் பற்றிய பத்தி வந்தபோது குரல் எழவில்லை, அவனே கைப்பேசியை வாங்கி மிச்சத்தைப் படித்தான்.

படித்து முடித்துவிட்டு அவள் பெயர் என்ன என்று கேட்டான். சொன்னேன். எந்த வகுப்பு, என்ன பிடிக்கும் என்றெல்லாம் கேட்டான். மூன்று ஆண்டு ஒரே அறையில் இருந்தும் இப்போதுதான் இதைப் பேசுகிறோம். என் நாத்திகம் விழுந்ததா என்று அவன் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அவன் எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை: அந்த ஆசிரியரின் பக்கம்தான் தானும் என்கிறான், கண் படிப்படியாக வந்தது என்பதை மட்டும் இன்னும் நம்ப முடியவில்லை என்கிறான். எனக்கும் அதை விளக்கத் தெரியவில்லை.

காலையில் அவன் ஊருக்குப் பேசினான். குளவி விட்டது உண்மைதானாம், அவன் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது. ஒட்டுண்ணிக்கூடம் அம்மா, பாதிக் கண், கால் கண் உள்ள பிராணிகள் இப்போதும் உயிரோடு இருக்கின்றனவா? இருந்தால் எங்களுக்கு அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே படிக்கிறோம்.