கண்காட்சிப் பலகை வாசகம்: நாளைக்கு அச்சு

டீச்சர் அக்கா: போர்ல இறந்தவங்களை நினைக்கிற நவம்பர் 11 கண்காட்சிக்கு, இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் வான்படையோட 36ஆம் ஸ்குவாட்ரன்ல (விமானப் பிரிவு) இருந்த வீரரோட பலகை வாசகம்: “1942 ஜனவரி 26 அன்று தஞ்சாவூரிலிருந்து பறந்து வீரமரணம் அடைந்தார்.” பாத்துச் சொல்லுங்க.

மேலவீதி மாமா: அம்மா, அனுப்பிடாதீங்க. ரெண்டு தப்பு இருக்கு. அந்தத் தேதியில ஸ்குவாட்ரன் சிங்கப்பூர்ல இருந்துச்சு. மலாயாக் கிழக்குக் கரையில, எண்டாவ்ல ஜப்பான் படை கப்பல்ல வந்து இறங்குது. அதைத் தாக்கப் போன விமானம் அது. ஸ்குவாட்ரன்ல மிஞ்சினவங்க மார்ச்ல ஜாவாவுல பிடிபட்டாங்க. அக்டோபர்லதான் நம்ம ஊர் விமானத்தளத்துல, வெலிங்டன் விமானங்களோட ஸ்குவாட்ரன் திரும்ப உருவாச்சு.

நூலகத் தம்பி: ஐயோ, படத்துல வெலிங்டன் போட்டுட்டோமே மாமா!

மேலவீதி மாமா: மாத்திடுப்பா. அன்னிக்கு அவங்க ஓட்டின வில்டபீஸ்ட் விமானத்தைப் போடு. ரெட்டை இறக்கை, துணி போர்த்தினது, மூணு பேர், மேல மூடி இல்லாத இருக்கை. முழு வேகமே மணிக்கு 250 கிலோமீட்டருக்குள்ளதான். அதைப் பட்டப்பகல்ல அனுப்பினாங்க. நினைச்சா வயிறு எரியுது.

டீச்சர் அக்கா: ரெண்டாவது தப்பு?

மேலவீதி மாமா: “வீரமரணம்”. உடல் கிடைக்கல. வீட்டுக்கு “காணவில்லை”ன்னுதான் தகவல் போகும். வழக்கமா ஆறு மாசம் போல சேதி இல்லேன்னா இறந்ததாக் கொள்வாங்க. ஜப்பான் பக்கம் கைதிப் பட்டியலே தாமதம், அதனால அதுவும் இழுத்துச்சு. வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தவங்களோட காத்திருப்பை ஒரு சொல்லு போட்டு மூடக் கூடாதும்மா. “காணாமற்போனார்”னே இருக்கட்டும்.

நூலகத் தம்பி: காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத் தளத்துல பேரைப் போட்டா அதே பேர்ல நிறைய பேர் வர்றாங்க.

மேலவீதி மாமா: முழுப் பேரை அடிக்காதே, சில பதிவுல முதலெழுத்து மட்டும்தான் இருக்கும். குடும்பப் பேர், சர்வீஸ் நம்பர், வான்படை. போதும்.

நூலகத் தம்பி: வந்துடுச்சு! சிங்கப்பூர் நினைவுச்சின்னம், தூண் எண்ணோட இருக்கு. சென்னை நந்தம்பாக்கம் போர்க்கல்லறையில இருப்பார்னு நினைச்சேன்.

மேலவீதி மாமா: நந்தம்பாக்கம் 1952ல, தெற்கு, கிழக்கு இந்தியாவுல சிதறிக் கிடந்த கல்லறைகளை ஒண்ணாச் சேர்த்த இடம். இவருக்குத்தான் கல்லறையே இல்லையே. அப்படிப்பட்ட 24,000 பேருக்கு மேல, அவங்க பேரை சிங்கப்பூர் கிராஞ்சியில இருக்கிற அந்த நினைவுச்சின்னத்துல பொறிச்சிருக்காங்க. கூரையே விமான இறக்கை மாதிரி நீண்டு நிக்கும்.

டீச்சர் அக்கா: அப்ப, “எண்டாவ், 1942 ஜனவரி 26. காணாமற்போனார். பெயர் உள்ள இடம்: கிராஞ்சி, சிங்கப்பூர்.” சரியா மாமா?

மேலவீதி மாமா: சரி. தூண் எண்ணையும் சேருங்க, போறவங்க நேரா அங்க போய் நிக்கலாம். மேட் லேமினேஷன் கேளுங்க. பளபளன்னு இருந்தா டியூப்லைட் அடிச்சு பேரே தெரியாது.