'பிரிசனர்ஸ்': கெல்லர் செய்தது சரியா?

கடைசிவரிசை:
2013-ல் வந்த 'பிரிசனர்ஸ்' படத்தைப் பற்றிப் பேசலாம். கதையை முழுதாகச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் தவிர்த்துவிடுங்கள். இரண்டு சிறுமிகள் காணாமல் போகிறார்கள். சந்தேகத்தில் பிடித்த அலெக்ஸை, ஆதாரம் இல்லை என்று போலீஸ் விட்டுவிடுகிறது. ஒரு சிறுமியின் அப்பா கெல்லர் அவனைக் கடத்தி, பாழடைந்த கட்டடத்தில் அடைத்து வதைக்கிறார். என்னைக் கேட்டால் தப்பே இல்லை. நான் விட்டுப் போகும்வரை பிள்ளைகள் அழவில்லை என்று அவர் காதிலேயே சொல்கிறான். அதற்கப்புறம் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்?

வெண்திரை:
அதைக் கேட்டதும் எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் அடித்து என்ன கண்டார்? அலெக்ஸின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிவிடுகிறது. அப்போதும் விடாமல், பலகையடித்த இருட்டுக்குள் அடைத்து வெந்நீரைத் திறந்துவிடுகிறார். கிடைத்தது ஏதோ புதிர்ப்பாதை பற்றிய பிதற்றல் மட்டும். கெல்லருக்கு உண்மை புரிவது, காணாமல் போனவர்களில் தப்பி வந்த இன்னொரு சிறுமி ஜாய் ஆஸ்பத்திரிப் படுக்கையில் பேசும்போதுதான். இத்தனைக்கும் அலெக்ஸே சின்ன வயதில் கடத்தப்பட்டவன். பத்து வயதுப் பிள்ளையின் அறிவுதான் அவனுக்கு.

கடைசிவரிசை:
அது கடைசியில்தானே தெரிகிறது! கெல்லர் கண்ணால் பார்த்தது என்ன? நாயை வாரோடு தூக்கித் தொங்கவிடுகிறான், பிள்ளைகள் பாடிய அதே பாட்டை முணுமுணுக்கிறான். அவனுக்கு விஷயம் தெரியும் என்ற கணிப்பு சரிதான்.

இரவுப்பறவை:
இருவரும் கெல்லரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னை உலுக்கியது ஜாயின் அம்மா நான்சி. கட்டிவைத்த அலெக்ஸைப் பார்க்கிறாள், அவனிடம் கெஞ்சுகிறாள், அப்புறம் கணவனிடம் நாம் உதவவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம் என்கிறாள். நான்சியாக நடித்த வயோலா டேவிஸ் அங்கே குரலை உயர்த்தவே இல்லை. கெல்லரின் வெறியைவிட அந்த நிதானம்தான் பயங்கரம்.

வெண்திரை:
உண்மை. இன்னொன்றும் கவனியுங்கள். கெல்லர் எங்கே போய் வருகிறார் என்று வழக்கை விசாரிக்கும் துப்பறிவாளர் லோகி பின்தொடர வேண்டியதாகிறது. பிள்ளைகளைத் தேட வேண்டிய நேரம் அது.

கடைசிவரிசை:
அலெக்ஸ் அந்தக் கட்டடத்தில் இருந்ததால்தானே லோகி, அலெக்ஸை வளர்த்த ஹாலியின் வீட்டுக்குப் போகிறார்? பிள்ளைகளைக் கடத்தியதே அவள்தான். அங்கேதானே கெல்லரின் மகள் அன்னா உயிரோடு கிடைக்கிறாள்?

வெண்திரை:
அது தற்செயல், நண்பரே. ஹாலியைச் சந்தேகித்து அவர் போகவில்லை, அலெக்ஸ் கிடைத்துவிட்டான் என்று சொல்லத்தான் போனார். ஆஸ்பத்திரியிலேயே கெல்லர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லோகி அப்போதே போயிருப்பார். அங்கேயும் போலீஸை நம்பாமல் தனியாக ஹாலி வீட்டுக்கு ஓடித்தான் அங்கிருந்த குழிக்குள் அடைபட்டார்.